கழற்றத் தோன்றவில்லை

ஒலியில் நீலம்தான் ஜெயித்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வீணைத் தந்தியை விரல் விட்ட பிறகும் ஒரு கணம் மிஞ்சியிருக்கும் அதிர்வு, பாடுகிறவர் அடுத்த வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, எல்லாம் நீலத்தில் கேட்டன. பழுப்பில் அவை பக்கத்து வீட்டில் நடப்பவை போல மங்கலாக இருந்தன. காது மெத்தையிலும் நீலம்தான் மேல். தலையில் இருப்பதே தெரியாது. பழுப்பு வலது நெற்றிப்பொட்டை அழுத்தியது. கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆனாலும் பழுப்பை யாரும் கழற்றவில்லை.

கோவை சரவணம்பட்டியில் இருந்த அந்த ஆய்வகத்தில் ஆறு பேர் ஹெட்போன் கேட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தார்கள். சுகிர்தா அவர்களில் ஒருத்தி. இரண்டு ஹெட்போன்களையும் துணி உறை போட்டு மறைத்துத்தான் கொடுப்பார்கள். எது யார் தயாரித்தது என்று தெரிந்தால் காது நேர்மையாக இருக்காது என்பது விதி. முதலில் நீலத் துணி போட்டது, பிறகு பழுப்புத் துணி போட்டது, அதன் பின் பிடித்ததை நாள் முழுவதும் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். வீட்டிலும்தான். ஆறு பேரும் பழுப்பையே எடுத்தார்கள்.

"காரணம் கேட்டா எல்லாரும் வசதியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க," என்றார் ஆய்வகப் பொறியாளர் சம்பத். "அதே தாள்ல பொட்டு வலிக்குதுன்னும் எழுதியிருக்கீங்க. எதைங்க நான் நம்பறது? சயின்ஸ் படிச்சவங்கதானுங்களே நீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு மூக்கிலிருந்து வந்த செருமல் போல இருந்தது. மற்ற ஐந்து பேர் எதிரில். சுகிர்தாவின் காது மடல்கள் மெத்தைக்குள் சூடாயின. நாலு பேர் முன்னால் பேசுவதென்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் செய்முறைத் தேர்வில்கூடப் பதிலை எழுதிக் காட்டியவள். ஆனால் இப்போதெல்லாம் கோபம் அவளுக்கு முன்னால் போய் நின்று பேசியது.

"பிடிக்கலைன்னா வேற ஆளை வச்சிக்கோங்க சார்."

"நான் என்னங்க சொல்லிட்டேன்?" என்றார் அவர். அதையும் குத்திக்காட்டுவதற்குத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது.

மதியம் ஆறு பேரில் இன்னொருத்தியான நஸ்ரின் பக்கத்தில் வந்து, "இன்னைக்கும் எலுமிச்சை சாதம்தானா சுகி?" என்றாள். அவள் குரலில் இருந்த ஏளனம் தாங்க முடியாமல் சுகிர்தா டப்பாவை மூடிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொருத்தி. முன்பு ஆறு பேரும் ஒரே மேஜையில் ஒருவர் டப்பாவை ஒருவர் பிடுங்கித் தின்றார்கள். அது எப்படி நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போது அவரவர் காதில் அவரவர் பாட்டு.

ஹெட்போனில் ஜன்னல் என்று ஒரு வசதி இருந்தது. பக்கத்தில் யாராவது பேசினால் பாட்டு தானாகத் தாழும், வெளிக்குரல் உள்ளே வரும். பேச்சு நின்றால் பாட்டு மறுபடி உயரும். அதனால் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. குளிக்கவும் தூங்கவும் கழற்றினால் போதும். ஒவ்வொரு முறை கழற்றுவதையும் அதுவே எண்ணி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடும். எது குறைவாகக் கழற்றப்படுகிறதோ அதுவே வசதியானது. வசதியை அளக்க அவர்களிடம் வேறு அளவுகோல் இல்லை.

*

கணபதிப் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் அக்கா பியூலாவோடு சுகிர்தா இருந்தாள். பியூலா நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை வேலைக்கு அழைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அழைப்பு வந்த அன்றைக்கே பியூலா சொல்லிவிட்டாள்: "நீ வேண்டாம்னா போகல ஏட்டி. உன்ன இங்கன தனியா விட்டுட்டு எனக்கு அங்கன என்ன இருக்கு?"

சுகிர்தா வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். அது பழுப்பை மாட்டுவதற்கு முன்பு.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

அவர்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். அந்த ஊரில் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்வதும் ஏட்டிதான், தெருக்குழாயில் முடியைப் பிடிக்கும் முன் சொல்வதும் ஏட்டிதான். குரலை வைத்துத்தான் எது என்று தெரியும். பல நாட்களாக அக்காவின் வாயிலிருந்து வருவது தெருக்குழாய் ஏட்டியாகவே இருந்தது.

"சாப்பிட்டேன்."

பியூலா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். "எங்க சாப்பிட்ட? பாதி அப்படியே இருக்கு."

"சோதனை போடுதியா?"

"என்னத்துக்கு இப்படிப் பேசுத? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?" நெற்றியைத் தொட வந்த கையைச் சுகிர்தா தட்டிவிட்டாள்.

"அந்தக் கருமத்தக் கழட்டிட்டுப் பேசேன்."

"இது என் வேலை."

"வீட்லயுமா வேலை?" என்று பியூலா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு. வாயைத் திறக்கும் சத்தமே இல்லாமல், நடுவிலிருந்து தொடங்கிச் சட்டென்று முடிந்த அந்தச் சிரிப்பு. காலையிலிருந்து சம்பத், நஸ்ரின், பஸ்ஸில் நகரச் சொன்ன பெண், எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு வந்ததெல்லாம் சுகிர்தாவின் தொண்டைக்கு வந்தது.

"இப்படி நொய்நொய்னு பேசித்தான் சார்லஸ் ஓடிப்போனான். எவன் இருப்பான் உன்கூட?"

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பந்தலுக்குக் கால் ஊன்றிய பிறகு அவன் வரவில்லை. அன்று பியூலா சேலையை மடித்து வைத்துவிட்டு இரவு டியூட்டிக்குப் போனாள். அதைப் பற்றி அம்மாகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பியூலா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி மாட்டினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சு நின்றதும் பாட்டு தானாக உயர்ந்தது. பழுப்பில் அது அன்றைக்கு வழக்கத்தைவிட இனிமையாக இருந்தது.

*

அதன் பிறகு பியூலா பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

பேசாதவளின் பழைய குரல் செய்திகளை மட்டும் போனில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? ஆய்வகத்தில் உட்கார்ந்து சுகிர்தா அவற்றை ஒவ்வொன்றாக அழித்தாள். விரல் வழுக்கி ஒரு செய்தி ஓடத் தொடங்கியது. காலையில் வேறொரு சோதனைக்காகப் போனை ஆய்வகத்தின் பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்திருந்ததை அவள் மறந்துவிட்டாள். பியூலாவின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"ஏட்டி, மாடியில துணி காயுது. மழ வாரமாதிரி இருக்கு. நனைஞ்சா நனையட்டும், நீ ஓடி வராண்டாம். மெதுவா வா."

அவளுக்கு அந்தச் செய்தி நன்றாக நினைவிருந்தது. பழுப்பைக் கழற்றாமல் போன் ஸ்பீக்கரில் விட்டுக் கேட்டிருந்தாள். துணியை எடுக்கக்கூட உனக்கு வக்கில்லை என்று சொல்லாமல் சொல்லும் குரல். "நான் உன் வேலைக்காரி இல்லை" என்று உடனே பதில் போட்டிருந்தாள்.

இப்போதும் அதே குரல்தான் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நிறுத்தத் தெரியாமல் பதறியதில் கை பட்டு இடது காதின் மெத்தை விலகியது. செய்தி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது.

வலது காதில் அக்கா எரிந்து விழுந்தாள். இடது காதில் அதே நேரத்தில் அதே சொற்களை வேறு யாரோ சொன்னார்கள். 'மெதுவா' என்பதில் ஒரு இழுப்பு இருந்தது. 'வா' என்பதற்குப் பின்னால் ஒரு மூச்சு இருந்தது. மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஏட்டி.

சுகிர்தா மெத்தையை மறுபடி மூடவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"சுகி, என்ன ஆச்சு?" நஸ்ரின் எழுந்து வந்தாள். வலது காதில் அது விசாரணை. இடது காதில் பயந்துபோன ஒரு தோழி.

சுகிர்தா பழுப்பை முழுதாகக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நஸ்ரின், நீயும் கழட்டு. கழட்டிட்டு எங்கிட்ட ஏதாவது பேசு."

"என்ன பேச? நீயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற. நான் எலுமிச்சை சாதம் கேட்டதுகூடத் தப்பா?" என்றாள் நஸ்ரின், கழற்றாமலே. "எனக்குக் குடுக்க மாட்டியான்னுதானே கேட்டேன்!"

*

ஆய்வகத்தில் மனிதத் தலை அளவில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. இரண்டு காதுக்குள்ளும் மைக். எல்லா ஹெட்போன்களையும் மாட்டி அளப்பது அதன் தலையில்தான். எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சுகிர்தா மாப்பிள்ளைக்கு நீலத்தை மாட்டி அக்காவின் செய்தியை ஒலிபெருக்கியில் விட்டாள். பிறகு பழுப்பை மாட்டி அதையே விட்டாள். இரண்டு அலைகளையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சம்பத் வந்தார். அவருடைய பழுப்பு கழுத்தில் தொங்கியது.

"என்னங்க பண்றீங்க?"

வெறும் காதில் அவர் குரலை அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது. இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவரா?

"பாருங்க சார். பழுப்புல குரலோட அடிப்பக்கம் கொறஞ்சிருக்கு. வாக்கியம் முடியற இடத்தை வெட்டியிருக்கு. மூச்சே இல்ல. சிரிப்புன்னா ஆரம்பத்தை எடுத்துருது. மிச்சம் கேட்டா ஏளனம் மாதிரி இருக்கு. எல்லாமே துளித்துளியாத்தான் செஞ்சிருக்கு. ஆனா எல்லாருக்கும், எல்லார் குரலுக்கும்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பாட்டுல இந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்களே. அளந்தமே."

"பாட்டுல இல்ல. பேச்சுல மட்டும். ஜன்னலை நாம ஏன் சார் அளக்கல?"

"வெளிக்குரல் நம்ம சரக்கு இல்லீங்களே அம்மணி. ஊர்ல யாரோ பேசறதுக்கு நாம எப்படி மார்க் போடறது? அது கேக்குதான்னு பாத்தோம். கேட்டுது. விட்டுட்டோம்."

"இப்படிச் செய்யச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழுப்பு நம்முது. அதுக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்தோம். போட்டவங்க கழட்டக் கூடாது. எப்படின்னு அதுவே கத்துக்கட்டும்னு விட்டோம். மொதல்ல பாட்டுல பேஸைக் கூட்டிப் பாத்துது. கழட்டினாங்க. சத்தத்தைக் கொறச்சுப் பாத்துது. அப்பவும் கழட்டினாங்க."

"எப்ப கழட்டுவாங்க சார்?"

"யாராச்சும் பேச வந்தா கழட்டுவாங்க," என்றார் சம்பத்.

"உள்ள வசதி பண்ண அதால முடியல," என்றாள் சுகிர்தா. "அதனால வெளிய இருக்க முடியாம பண்ணிருச்சு."

மாப்பிள்ளை இருவருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க," என்றார் அவர், அதே மெதுவான குரலில். "ஆனா இதை இப்போதைக்கு யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க. அடுத்த மாசம் கடைக்கு வருது. மேல இருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கழட்டறாங்களா இல்லையான்னு. இதை எடுத்துட்டோம்னா நம்முது நீலத்துகிட்ட நிக்காதுங்க. மெத்தைல நிக்காது, ஒலில நிக்காது. வேற எதுல நிக்கறது?"

"நீங்க எவ்வளவு நாளா மாட்டியிருக்கீங்க சார்?"

"நானா? இது முதல்ல செஞ்சது. வருசமாச்சு." கழுத்தில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார். "எங்கூட்டுக்காரி இப்ப சத்தியமங்கலத்துல அவங்கம்மா வீட்டுல இருக்கறா. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா. ஒரு காபி கேட்டாக்கூட..."

அவர் திரையில் மேல் அலையையும் கீழ் அலையையும் மாறி மாறிப் பார்த்தார். கை தன் பாட்டுக்கு மேலே போய்ப் பழுப்பைக் காதில் மாட்டியது. கஷ்டம் வந்தால் அப்படிச் செய்தே அவருக்குப் பழகியிருந்தது.

"சார்," என்றாள் சுகிர்தா, தன்னால் முடிந்த அளவுக்குத் தணிவாக. "அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க."

சம்பத்தின் புருவம் நெரிந்தது.

"என்னங்க, மிரட்டறீங்களா?" என்றார்.

*

பஸ்ஸில் அவள் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. கண்டக்டர் "உள்ள போங்கம்மா" என்றது வெறும் "உள்ள போங்கம்மா"வாக இருந்தது. முன் இருக்கையில் இரண்டு கிழவர்கள் எதற்கோ முழுதாகச் சிரித்தார்கள். ஜன்னல் ஓரத்தில் நின்றபடி, அக்காவிடம் எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். பிரச்சினையைக் கண்டுபிடித்தாகிவிட்டது. காரணம் தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்றுதான் அவள் படித்ததெல்லாம் சொல்லியிருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடு அறையில் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. பியூலா வெள்ளைச் சீருடைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

பியூலா நிமிரவில்லை. போகச் சொல்லவும் இல்லை. சுகிர்தா சொல்லத் தொடங்கினாள். திக்கினாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். துணி காய்ந்ததைப் பற்றிய செய்தி, இரண்டு காதில் இரண்டு குரல், மாப்பிள்ளையின் தலை, வெட்டப்பட்ட சிரிப்பு. பையிலிருந்து பழுப்பை எடுத்துக் காட்டினாள். நோயாளி சொல்வதைக் கேட்பது போல பியூலா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"ஆமா."

"சரி. எங்குரல இந்த மெஷின் மாத்திட்டு. நம்புதேன்." இன்னொரு சீருடையை எடுத்து உதறினாள். "நான் காதுல என்னட்டி மாட்டியிருந்தேன்?"

சுகிர்தாவுக்கு விளங்கவில்லை.

"நீ பேசினதெல்லாம் எனக்கு நேராத்தான வந்துச்சு. எத்தன நாளு? கதவத் திறந்தா எரிஞ்சு விழுவ. கையத் தொட்டாத் தட்டிவிடுவ. சரி, பிள்ளைக்கு வேலைல ஏதோ கஷ்டம்னு இருந்தேன்."

"அது எனக்குத் தப்பாக் கேட்டதாலதான் அக்கா..."

"உனக்குத் தப்பாக் கேட்டுச்சு. கோவம் வந்துச்சு. சரி. கோவத்துல நாயேன்னு சொல்லியிருக்கலாம், பேயேன்னு சொல்லியிருக்கலாம். நீ தேடி எடுத்து சார்லஸ் பேரச் சொன்ன." அவள் குரல் உயரவே இல்லை. "அந்த மெஷினுக்கு சார்லஸத் தெரியாதுல்லா? உனக்குத்தான தெரியும்."

பெட்டியை மூடி முழங்காலை வைத்து அழுத்திப் பூட்டினாள்.

"அயர்லாந்துக்கு அன்னைக்கே வாரேன்னு எழுதிட்டேன். ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு, அப்படியே கெளம்புதேன்."

"அக்கா, இப்ப கேளு, நான் கழட்டிட்டேன்ல? இனிமே மாட்ட மாட்டேன்."

"நீ மாட்டு, மாட்டாம இரு. எனக்கென்ன?" பெட்டியை நிமிர்த்தினாள். "வழிய விடு."

சுகிர்தா வழியில் நின்றாள். அக்காவின் குரலில் ஏதோ சரியில்லை. அடிப்பக்கம் இல்லை. வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டு. மூச்சு இல்லை. இது பழுப்பின் குரல். ஆனால் காதில் ஒன்றும் இல்லை.

வேறு எதுவும் செய்யத் தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றை அவள் செய்தாள். பழுப்பை எடுத்து வலது காதை மட்டும் மூடி மாட்டினாள். இடது காதைத் திறந்து வைத்தாள். ஒரு பக்கம் நிஜம், ஒரு பக்கம் பழுப்பு. வித்தியாசம் கேட்டுவிட்டால் போதும். துளி வித்தியாசம்.

"ஏட்டி," என்றாள் பியூலா. "காது கேக்கலியா? தள்ளு."

சுகிர்தா கவனித்துக் கேட்டாள். இத்தனை நாள் சம்பளம் வாங்கியது இந்தக் காதுகளுக்குத்தான். வலதில் கேட்டதை இடதோடு வைத்துப் பார்த்தாள். இடதில் கேட்டதை வலதோடு வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பழுப்புக்கு மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

அவள் தள்ளி நின்றாள். பெட்டியின் சக்கரங்கள் வாசற்படியில் ஏறி இறங்கின. படிக்கட்டில் சத்தம் ஒவ்வொரு தளமாகக் கீழே போயிற்று.

பேச்சு நின்றதும் பாட்டு தானாக உயர்ந்தது. சுகிர்தா இன்னொரு மெத்தையையும் காதுமேல் இழுத்துவிட்டாள். வலது பொட்டு வலித்தது.

கழற்றத் தோன்றவில்லை.